சொற்கொப்பி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற்கு ஆண்டுதோறும் வந்து சேரும் மாணவருட் பலர் ஒரு சொற்கொப்பியுடன் வருகின்றனர். கடையில் வாங்கிய சாதாரணக் கொப்பிதான் அது. பக்கந்தோறும் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறப்பட்டிருக்கும். இடப்புறத்தில் ஆங்கிலச் சொல். வலப்புறத்தில் அதன் தமிழ்க் கருத்து. முதல் இருபது பக்கங்களும் அழகிய கையெழுத்தில் நிறைந்திருக்கும். அதன்பின் எழுத்தில் அவசரம் தெரியும். பக்கத்திற்குப் பத்துச் சொல், ஐந்து சொல் எனக் குறைந்து, ஈற்றில் வெறுந்தாள்களே எஞ்சும்.

வடமராட்சிக் கிராமமொன்றிலிருந்து வந்து வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கத் துணிந்த மாணவி ஒருத்தியிடம் இத்தகைய கொப்பிகள் மூன்று இருந்தன. ஒன்று சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் எழுதியது. மற்றொன்று உயர்தரப் பரீட்சையின் பின், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில் எழுதியது. மூன்றாவது வளாகத்திற்கு வந்த பின்னர் எழுதியது. மூன்றும் அகராதியின் முதற் பக்கத்திலிருந்தே தொடங்கின. மூன்றிலும் முதன்முதல் எழுதப்பட்ட சொல் 'அபான்டன்'. அதற்கெதிரே 'கைவிடுதல்' என்று சிவப்பு மையாற் பொருள் குறிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது எழுத்தைத் தாண்டாமலே மூன்று கொப்பிகளும் கைவிடப்பட்டன.

இதனைச் சோம்பலென்று சொல்லிவிடுவது எளிது. அவளைச் சோம்பேறி என்று எவரும் சொல்லார். நாலரை மணிக்கு எழுந்து படித்து, வீட்டு வேலைக்கும் கைகொடுத்து, இரண்டு பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்து சேருகின்ற பிள்ளை அவள். முயற்சியிற் குறையில்லாத பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்களாயின், பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

கலைப்பீடத்தில் ஆங்கிலச் சொல்லின் தேவை மற்றைய பீடங்களிலும் பார்க்க வேறானது. மருத்துவ மாணவனும் விஞ்ஞான மாணவனும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு ஆங்கிலத்தில் விடை எழுதுகின்றனர். விரும்பினும் விரும்பாவிடினும் சொற்கள் அவர்கள் மீது நாள்தோறும் மழைபோற் கொட்டுகின்றன. கலைப்பீட மாணவருட் பெரும்பாலோர் தமிழிற் கேட்டுத் தமிழில் எழுதுகின்றனர். ஆங்கிலம் அவர்களுக்கு நேரசூசியில் ஒரு கட்டம். சித்தியடைய வேண்டிய ஒரு பாடம். ஆனால் நூலகத்திற்குட் புகுந்தவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. பாடம் தமிழில் இருக்கிறது. பாடத்தின் பின்னால் நிற்கும் நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன.

வரலாற்று மாணவியை இது பாதிக்கும் விதமே தனி. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய கதையை எழுதிய குவேரோஸ் பாதிரியாரின் பெருநூல், எஸ். ஜீ. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1930இல் வெளிவந்தது. யாழ்ப்பாணப்பட்டினத்தின் ஒல்லாந்தக் கொமாண்டராக இருந்த சுவார்டகுரூன் 1697இல் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு, சோபியா பீற்றர்ஸ் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1911இல் அச்சேறியது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி சைமன் காசிச்செட்டி எழுதி 1859இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிடப்பட்ட 'தமிழ் புளூராக்' என்னும் நூலும் ஆங்கில நூலே. ஆகவே தன் ஊரின் பனந்தோட்டத்திற்கு எவ்வளவு வரி விதிக்கப்பட்டது, தன் ஊர்க் குளத்தை யார் திருத்தினார் என்று அறிய விரும்பும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலில் ஆங்கில அகராதியைத் திறக்க வேண்டியிருக்கிறது. போர்த்துக்கேயமும் ஒல்லாந்தமும் கற்பவர் கற்கட்டும்; ஆங்கிலமாவது தெரியாவிடின் வாசலிலேயே நிற்க நேரும்.

வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது விரிவுரைக் குறிப்பு. மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குப் போட்டோப் பிரதியாக இறங்கி வரும் அக்குறிப்புகளைக் கொண்டு பரீட்சையிற் சித்தியடைந்து விடலாம். நல்ல புள்ளிகளும் பெறலாம். ஆயின் குறிப்பிலுள்ள கூற்று சரியா பிழையா என்று மூலத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆற்றல் அதனாற் கிட்டுவதில்லை. பிறர் வாசித்துச் சொன்னதை நம்பியே மூன்றாண்டோ நான்காண்டோ கழிகின்றது. ஆங்கிலம் உத்தியோகத்திற்கு வேண்டும் என்று வீட்டிலும் வெளியிலும் ஓயாது சொல்லப்படுகின்றது. அது பொய்யன்று. ஆயினும் அதனிலும் பெரிய இழப்பு இந்த நம்பியிருத்தலே.

யாழ்ப்பாணத்திற்கு ஆங்கிலச் சொல் வந்த வரலாறு சுவையானது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பெற்றது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். அங்கு ஆங்கிலத்தின் வழியே கணிதமும் வானசாத்திரமும் தத்துவமும் கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கியமும் கற்பிக்கப்பட்டது. அச்செமினரியிற் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவ்விருவருள் ஒருவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சிற்குக் கொண்டுவந்தார் என்பதை நினைக்கும்போது, ஆங்கிலச் சொல் தமிழை விழுங்கிவிடும் என்ற அச்சம் எல்லாக் காலத்திற்கும் பொருந்தாது என்பது விளங்கும்.

சொற்கள் ஒரு திசையில் மாத்திரம் பயணம் செய்யவுமில்லை. 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் வந்தது. மிஷனரிமாரும் தமிழ்ப் பண்டிதர்களும் பல்லாண்டுகள் திரட்டிய சொற்கள் ஈற்றில் வின்சுலோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியாக 1862இற் சென்னையில் அச்சாயின. 1841இல் தொடங்கிய உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்திகளைத் தாங்கி வந்தது. மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் கிறீன் 1860களில் தம் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, அதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் ஆக்கி, நூல்களையும் மொழிபெயர்த்தார். ஆங்கிலச் சொல்லொன்றைக் கற்பவன் அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லையும் தேடும் கடமை உடையவன் என்ற எண்ணம் அன்று இருந்தது. அந்த எண்ணத்தை இன்றைய சொற்கொப்பிகளிற் காண முடியவில்லை. வலப்புறத்திலுள்ள தமிழ், பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கடப்பதற்குப் போட்ட பலகையாகவே இருக்கின்றது.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் சமயப் பணியைக் காட்டிலும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர் என்ற மனக்குறை அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமைக்கு இருந்தது. மனக்குறை அவர்களுடையது, உத்தியோகம் இவர்களுடையது. பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்ததற்கு ஆங்கிலமே துணைநின்றது. அன்றிலிருந்து இக்குடாநாட்டில் ஆங்கிலச் சொல்லென்பது ஒருவகைச் சீதனம். சேர்த்து வைத்தால் என்றோ உதவும் என்ற நினைப்பு வேரூன்றிவிட்டது. அகராதியை முதலிலிருந்து பாடமாக்கும் வழக்கத்திற்கும் இந்நினைப்பே காரணம் எனலாம்.

இலவசக் கல்வித் திட்டமும் தாய்மொழிக் கல்வியும் 1945 முதற் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1960இற் கலைப்பாடங்களைத் தாய்மொழியிற் கற்ற மாணவர் முதன்முறையாகப் பல்கலைக்கழகத்திற் புகுந்தனர். இம்மாற்றத்தைக் குறைகூறி, பழைய ஆங்கிலக் கல்வியை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் இன்றும் உளர். அப்பழைய கல்விக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தோட்டக்காரன் மகளும் கடற்றொழிலாளி மகனும் பட்டதாரியாக வழி திறந்தது தாய்மொழிக் கல்வியே. வந்த வழி சரியானது. அவ்வழியில் ஆங்கிலத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கத் தவறியதுதான் பிழை. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் நல்ல ஆங்கில ஆசிரியர்கள் இருந்தனர்; கிராமத்துப் பாடசாலைகளில் ஆங்கில பாடவேளை வெற்றுப் பாடவேளையாகக் கழிந்தது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று குறிப்பிடுவர். சிங்களத்தில் அதற்கு வாள் என்பது பொருள். மொழியியலாளர் திரு கந்தையா அச்சொல்லை வைத்தே ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்து எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்தில் அத்தகைய பட்டப்பெயர் இல்லாவிடினும், வெட்டுக் காயம் இங்கும் உண்டு. வகுப்பில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்ததற்காக எழுந்த சிரிப்பொன்று, அம்மாணவனை நான்காண்டுகளுக்கு வாய்மூடி இருக்கச் செய்து விடுகின்றது.

யாழ்ப்பாண வளாகம் 1974இல் உருவாகி, 1979இற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதற் தலைவரான பேராசிரியர் கைலாசபதி தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது ஆய்வை ஆங்கிலத்தில் எழுதியவர். அதே வேளை தமிழிலும் ஓயாது எழுதியவர். அத்தகைய இருமொழிப் புலமை தலைமுறைக்குத் தலைமுறை அருகி வந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. சொல்வளம் என்பது வாசிப்பின் பேறு. அவ்வாறாயின் ஒரே இரவில் ஒரு தலைமுறையின் சொல்வளத்திலும் ஒரு பங்கு எரிந்தது. 1990இன் பின் மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் மாணவர் படித்தனர். பற்றரி கிடையாமையாற் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர்.

அக்காலத்து வகுப்பறையொன்றைப் பற்றி எழுத்திற் பதிவொன்று இருப்பது நற்பேறாகும். இப்பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, முதலாம் வருடக் கலைப்பீட மாணவர் 22 பேரைக் கொண்ட வகுப்பை ஆராய்ந்து 1993இற் கட்டுரை வெளியிட்டார். 1999இல் வெளிவந்த அவரது நூலிலும் அவ்வாராய்ச்சி விரிவாக இடம்பெறுகின்றது. வகுப்பிற்குரிய பாடநூல் அமெரிக்கருக்குரிய வாழ்க்கையைச் சித்திரிப்பது. மாணவர் அந்நூலை மறுக்கவுமில்லை; விரும்பவுமில்லை. பக்கங்களின் ஓரங்களில் அவர்கள் எழுதிய குறிப்புகளையும் கீறிய படங்களையும் அவர் திரட்டிப் பார்த்தார். சொற்களின் பொருளோடு, தமிழ்த் திரைப்படமும் காதலும் போராட்டமும் அவ்வோரங்களில் இடம்பிடித்திருந்தன. ஆசிரியருக்குக் காட்டாத அவ்வோரத்தில் மாணவர் தம் வாழ்க்கையை ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்ட வைத்திருக்கின்றனர். அதே மாணவர், உரையாடற் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, இலக்கண விதிகளையே கேட்டு வாங்கிப் பரீட்சைக்குப் படித்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையொன்று புலப்படும். தன் வாழ்க்கையிற் பொருந்தாத சொல்லை மாணவன் பரீட்சை வரைக்குமே சுமக்கிறான். பரீட்சை மண்டப வாசலில் இறக்கி வைத்துவிடுகிறான்.

சொற்கொப்பி ஏன் தோற்கின்றது என்பதற்கும் இதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. மற்றப் பகுதி கொப்பியின் நடுக்கோட்டில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதே அக்கோட்டின் சித்தாந்தம். 'இன்ரறெஸ்ற்' என்பதற்கு எதிரே 'ஆர்வம்' என்று எழுதியவள், ஒல்லாந்தர் கால வாணிகம் பற்றிய பக்கமொன்றில் அச்சொல்லைக் கண்டு திகைத்தாள். அங்கு அது வட்டி. அடுத்த பக்கத்தில் அது கம்பனியின் நலன். 'கப்பிற்றல்' ஓரிடத்திற் தலைநகர், ஓரிடத்தில் மூலதனம். 'ஸ்ரேற்' அரசாகவும் நிற்கும், நிலையாகவும் நிற்கும், 'கூறு' என்ற வினையாகவும் நிற்கும். சொற்களுக்குள்ளே உறவுமுறையும் உண்டு. தேநீர் கடுமையாயின் ஆங்கிலத்தில் 'ஸ்ற்றோங்'. மழை கடுமையாயின் 'ஹெவி'. மாற்றிச் சொன்னாற் சிரிப்பர். தமிழிலும் அப்படித்தான். தேநீரைச் சாயம் கூடியதென்போம். மழையை அவ்வாறு சொல்வதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடும் என்பதைக் கோடு கீறிய கொப்பி காட்டுவதில்லை.

சொற்களைப் பாடமாக்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. நிகண்டு கற்றுத்தான் அன்றைய மாணவன் இலக்கியத்திற்குள் நுழைந்தான். ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களுட் சூடாமணி நிகண்டும் ஒன்று. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனச் சொற்கள் அங்கே இனம் இனமாகத் தொகுக்கப்பட்டிருக்கும். பதினோராந் தொகுதி ஒரு சொற் பல்பொருளுக்கு உரியது. அது எதுகை முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்பதற்குத் தனித் தொகுதியே வகுத்த மரபில் வந்தவர், ஆங்கிலத்திற்கு வந்தவுடன் ஒரு சொல் ஒரு பொருள் என்று கொப்பி எழுதுவது வியப்புக்குரியது. எனினும் நிகண்டு முறையை அப்படியே ஆங்கிலத்திற்கு எடுத்தாள்வதிலும் இடர் உண்டு. ஒத்த இனச் சொற்களை ஒருங்கே புதிதாகக் கற்றால் ஒன்றையொன்று குழப்பும் என்று 1990களில் நிகழ்ந்த பரிசோதனைகள் காட்டின. நிகண்டு கற்றவன் தமிழை முன்னரே பேசியவன் என்பதை மறத்தலாகாது.

எத்தனை சொற்கள் வேண்டும் என்ற கேள்விக்கு இன்று ஓரளவு கணக்கு உண்டு. மைக்கேல் வெஸ்ற் என்னும் ஆங்கிலேயர் 1920களில் டாக்காவிற் பணிபுரிந்தவர். வங்காள மாணவனுக்கு ஆங்கிலம் பேசுவதிலும் ஆங்கிலம் வாசிப்பதே முதற் தேவை என்று வாதிட்டவர். அவர் பெயரால் 1953இல் வெளிவந்த பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பார் கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து 35 இலட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, வெஸ்ற்றின் பட்டியலுக்கு அப்பால் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாய் நிற்கும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். பல்கலைக்கழக நூலொன்றின் 100 சொற்களில் ஏறக்குறைய 76ஐ முதற் பட்டியலும், 10ஐ இரண்டாம் பட்டியலும் அடக்கும். முதற் பட்டியலோடு நிற்பவருக்கு நான்கில் ஒரு சொல் இருட்டு. இரண்டையும் அறிந்தவருக்கு ஏழில் ஒன்றே இருட்டு. அதிலும் ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் கலைச்சொல்லும் அடங்கும். எவர் துணையுமின்றித் தடையற வாசிப்பதற்கு எண்ணாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் என்னும் அறிஞர் 2006இற் கணித்தார். அது நீண்டகால வேலை.

ஆனால் 570 என்பது பயமுறுத்தும் எண்ணன்று. நாளுக்கு ஐந்து சொல் வீதம் 114 நாட்களில் முடியும். நான்கு மாதமும் வேண்டாம். அகராதியின் மூன்றாவது எழுத்தைத் தாண்டாத மூன்று கொப்பிகளிலும் அவள் எழுதியிருந்த சொற்களின் தொகை இதனிலும் அதிகம். உழைப்பு இருந்தது, தெரிவு இருக்கவில்லை.

இவ்விடத்திற் தமிழ்மூல மாணவருக்குள்ள வாய்ப்பொன்றைச் சொல்லியாக வேண்டும். துறைக்குரிய கலைச்சொற்கள் அவர்களுக்குப் பெரிய தடையன்று. பணவீக்கம், குடித்தொகை, பெருந்தோட்டம், நிலவுடைமை என்னும் கருத்துகளை அவர்கள் தமிழில் நன்கு விளங்கிக் கொண்டவர்கள். இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகளின் பயன் அது. கருத்துத் தெரிந்தவனுக்கு ஆங்கிலப் பெயர் ஒரு நாட் பாடம். தடை போடுவன இடைநிலைச் சொற்கள்: 'அசியூம்', 'இம்ப்ளை', 'கொன்றெக்ஸ்ற்', 'இன்ரேபிறெற்' போன்றவை. இவை எந்தத் துறைக்கும் உரியன அல்ல. எந்தத் துறையும் இவையின்றி நடவாது. ஆசிரியன் ஒன்றை உறுதியாகக் கூறுகிறானா, ஊகிக்கிறானா, பிறர் கூற்றை எடுத்து மறுக்கிறானா என்பதை அறிவிப்பன இச்சொற்களே. இவற்றை விட்டுவிட்டு வாசிக்கும் மாணவன் நூலாசிரியன் மறுக்கும் கருத்தை அவனுடைய கருத்தென்றே எழுதிக் கொண்டு வருவான். கொக்ஸ்ஹெட்டின் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் இத்தகைய சொற்களே.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே பரிசோதித்து 1885இல் எழுதிய நூல், கற்றவற்றுட் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதையும், இடைவெளி விட்டு மீட்பதால் அது நிலைப்பதையும் காட்டிற்று. 1972இல் லைற்னர் என்னும் ஜெர்மனியர் சொல் அட்டைகளைப் பெட்டித் தட்டுகளில் வைத்து, தெரிந்ததை நாட்கழித்தும் தெரியாததை நாள்தோறும் பார்க்கும் முறையை வகுத்தார். இன்று கைத்தொலைபேசிச் செயலிகள் பலவும் செய்வது அதுவே. கோயிலில் தேவாரம் பாடும் பிள்ளை ஒரு பதிகத்தை ஒரே நாளில் நூறு தரம் சொல்லிப் பாடமாக்குவதில்லை. வெள்ளிக்கு வெள்ளி பாடியே பாடமாக்குகின்றது. ஆங்கிலம் என்றவுடன் மாத்திரம் பரீட்சைக்கு முதல்நாளிரவு எல்லாச் சொல்லையும் விழுங்கப் பார்க்கிறோம்.

கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தைப் படமெடுத்தாற் தமிழ் வந்துவிடுகிறது. அவசரத்திற்கு உதவும். சொல் மாத்திரம் மனத்திற் தங்குவதில்லை. தேடிக் களைத்த சொல்லே தங்கும்.

அவளுடைய அப்பப்பா தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். ஆங்கிலமூலம் படித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். மூன்றாவது கொப்பியைக் கண்டு ஒருநாள் அவர் சொன்னார்:

"பிள்ளை, உந்த டிக்சனறியைப் பாடமாக்கி ஒருத்தரும் இங்கிலிஸ் படிச்சதில்லை. வசனத்தைப் பாடமாக்கு. சொல்லுத் தன்ரை பாட்டிலை வரும்."

"நீங்கள் படிச்ச காலத்திலை எல்லாப் பாடமும் இங்கிலிஸிலைதானே, அப்பப்பா? எங்களுக்கு அப்பிடியே?"

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அதுவும் சரிதான். அப்ப, உன்ரை பாடப் புத்தகம் ஒண்டைக் கொண்டு வா, பாப்பம்" என்றார்.

கொண்டு வந்த நூல் சுவார்டகுரூனின் நினைவுக்குறிப்பு. இருவரும் மாலையில் மூன்று பக்கம் வாசிப்பதென்று ஏற்பாடாயிற்று. முதல் வாரத்தில் மூன்று பக்கம் ஒன்றாகச் சுருங்கிற்று. அவருக்குச் சொல் தெரிந்தது, வரலாறு தெரியவில்லை. அவளுக்கு வரலாறு தெரிந்தது, சொல் தெரியவில்லை. தோம்பு என்றால் என்ன, யானை வாணிகத்தாற் கம்பனிக்கு வந்த இலாபம் எத்தகையது என்று அவள் விளக்க, வாக்கியத்தை அவர் பிரித்துக் காட்டினார். நான்காவது கொப்பியில் நடுக்கோடு இல்லை. முழு வசனமும் பக்க எண்ணும் எழுதப்பட்டு, தெரியாத சொல்லின் கீழே கோடு மாத்திரம் இடப்பட்டது. பொருள் எழுதப்படவில்லை. மறுவாரம் அவ்வசனத்தைப் பார்த்துப் பொருள் நினைவுக்கு வராவிட்டால் மாத்திரம் அகராதி எடுக்கப்பட்டது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தெரிந்த அப்பப்பா வாய்ப்பதில்லை என்பது மெய். ஆனால் இவ்வேலைக்கு இருவர் வேண்டும். அவ்விருவரும் ஒரே வகுப்பு மாணவராக இருப்பதற்குத் தடையேதும் இல்லை. விடுதி அறையில் நால்வர் கூடி ஒரு கட்டுரையைப் பங்கிட்டு வாசிப்பதும் இதன்பாற்படும். அந்த அறையில் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவர் இல்லாதிருந்தாற் போதும்.

உச்சரிப்பைப் பற்றிய கூச்சமும் உண்மையில் அளவு கடந்தது. கதிரை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு, பாண் என்னும் சொற்களைப் போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோரை ஒல்லாந்தரிடமிருந்தும் பெற்ற யாழ்ப்பாணத்தார், அவற்றை லிஸ்பனிலும் அம்ஸ்ரடாமிலும் சொல்வது போலச் சொல்ல முயன்றாரல்லர். தம் நாவிற்கேற்ப வளைத்தே சொன்னார்கள். 'கொப்பி' என்பதே ஆங்கிலச் சொல்தான். இங்கு வந்து பிரதி என்ற பொருளைக் கைவிட்டு எழுதும் புத்தகமாயிற்று. அதனை எவரும் பாடமாக்கிக் கற்கவில்லை. நாள்தோறும் எழுதினார்கள், வந்துவிட்டது.

அவள் ஒல்லாந்தர் காலத்தை முடித்து, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து நூல்களுக்கு வந்தபோது பக்கமொன்றில் 'செறூற்' என்ற சொல் எதிர்ப்பட்டது. யாழ்ப்பாணப் புகையிலை பற்றிய பகுதி அது. சொல்லின் கீழே கோட்டினை இட்டு, வாசித்துப் பார்த்து, பின் அக்கோட்டை அழித்தாள். அது சுருட்டு, தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன சொல். கட்டுமரமும் மிளகுதண்ணீரும் அவ்வாறே போயிருக்கின்றன என்று அப்பப்பா சொன்னார். அன்று அவர்கள் ஐந்து பக்கங்கள் வாசித்தனர்.